மியூசிக் ஸ்டாண்டில் இருந்த புத்தகங்கள்

பியானோ கலைஞர் சார்ல்ஸ் ரோஸனின் 'பியானோ நோட்ஸ்' 2002-ல் வந்த புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இப்போதுதான் படித்தேன். பியானோ வாசிக்கிறவர்கள் பலருக்கு உடனே கோபம் வரக்கூடிய ஒரு கருத்து அதில் இருக்கிறது. ஒரே ஒரு சுரத்தைத் தனியாக எடுத்துக்கொண்டால் அதை அழகாக வாசிப்பது, அழகில்லாமல் வாசிப்பது என்று எதுவும் கிடையாது, பலமாக வாசிக்கலாம், மென்மையாக வாசிக்கலாம், அவ்வளவுதான் என்கிறார். நமக்கோ முதல் வகுப்பிலிருந்தே டச் நன்றாக இருக்க வேண்டும், மணிக்கட்டை இளக்கு, விரலின் சதை படும்படி அழுத்து, அப்போதுதான் தொனி இனிமையாக வரும் என்று சொல்லிச் சொல்லியே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக மனம் வராமல், பியானோவில் போய் உட்கார்ந்து நடு சி-யை மட்டும் வெகுநேரம் விதவிதமாக அழுத்திப் பார்த்தேன்.

ரோஸன் சொல்வது இயந்திரத்தின் கணக்கில் சரி. கட்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். அந்தத் தூரத்துக்குள் ஹாமரை, அதாவது கம்பியை அடிக்கிற சின்னச் சுத்தியலை, எவ்வளவு வேகமாக எறிகிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஹாமர் நம் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். 1700 வாக்கில் கிறிஸ்டோஃபோரி முதல் பியானோவைச் செய்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது, அது இல்லையென்றால் ஹாமர் கம்பியிலேயே ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடும். அப்புறம் அந்தச் சுரம் தேய்ந்துகொண்டே போகும். வயலின்காரர் வில்லை இழுத்தபடியே ஒலியைப் பெருக்கலாம், பாடகர் ஒரு மூச்சுக்குள் சுரத்தை மலர வைக்கலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. அடித்த கணத்திலிருந்து தேயத் தொடங்குகிற ஒலிகளை வைத்துக்கொண்டுதான் நாம் ஒரு பாட்டையே பாடவைக்க வேண்டியிருக்கிறது.

சரி, அப்படியானால் ஒருவர் வாசித்தால் இழைகிறது, இன்னொருவர் வாசித்தால் தகரமாகக் கேட்கிறது, அது எதனால்? ரோஸனின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது: சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிற உறவில்தான் அழகு இருக்கிறது. ஒரு கார்டில் (ஒன்றாகச் சேர்த்து அழுத்துகிற சுரக்கூட்டு) எந்தச் சுரம் மேலே நிற்கிறது, எது பின்னால் ஒதுங்குகிறது, தேய்ந்துகொண்டிருக்கிற முந்தைய சுரத்தின் மிச்சத்தோடு அடுத்த சுரம் எப்படி வந்து சேர்கிறது, அடியில் ஒலிக்கிற பேஸின் அதிர்வு மேலே இருக்கிற மெட்டுக்கு எவ்வளவு தாங்கல் கொடுக்கிறது, இதெல்லாம்தான் நாம் தொனி என்று சொல்வது. ஷோபானின் டி ஃபிளாட் நாக்டர்னை (ஓபஸ் 27, எண் 2) வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். வலது கை மெட்டை எவ்வளவு ஆசையோடு அழுத்தினாலும் இடது கையில் ஓடிக்கொண்டே இருக்கிற குறுகிய சுரங்கள் கொஞ்சம் தடித்துவிட்டால் மெட்டு வறண்டுபோகும். இடது கையில் பேஸ் சுரத்தை மட்டும் ஒரு பங்கு தூக்கி, நடுவில் ஓடுகிறவற்றை ஏறக்குறைய கேட்காத அளவுக்கு இறக்கினால், வலது கையில் எதையும் மாற்றாமலேயே மெட்டு பாட ஆரம்பித்துவிடும். விரல் செய்கிற வேலைதான், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று விரலுக்குச் சொல்வது காது. இந்த ஒரு விஷயம் கொஞ்ச நாளாகப் படித்த எல்லாப் புத்தகத்திலும் என்னோடு கூடவே வந்தது.

ரோஸனுக்கு ஆசிரியர் மோரிட்ஸ் ரோசென்தால், அவர் பியானோ மேதை லிஸ்டின் நேர் மாணவர். அந்த வம்சாவளியில் ஒரு பழக்கம் இருந்திருக்கிறது: கடினமான பகுதிகளை விரலுக்குப் பழக்கும்போது ஸ்டாண்டில் ஒரு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே பயிற்சி செய்வது. ரோஸனும் அப்படிச் செய்திருக்கிறார், துப்பறியும் கதைகள் அதற்குத் தோதானவை என்கிறார். இது எனக்கு ஒத்துவரவே இல்லை. கண் வரிகளில் ஓடும்போது காது மூடிக்கொள்கிறது, காது மூடியபடி பழகிய விரல் மேடையில் அதே மூடிய காதோடுதான் வாசிக்கும் என்று நினைக்கிறேன். இவ்வளவு நுட்பமாகக் கேட்கத் தெரிந்த ஒருவருக்கு இது எப்படி ஒத்துவந்தது என்பது இன்னும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ரோஸனை முடித்த கையோடு ஹைன்ரிக் நெய்காவுஸின் 'தி ஆர்ட் ஆஃப் பியானோ பிளேயிங்' எடுத்தேன். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ரிக்டர், கிலெல்ஸ் போன்ற பெரிய பியானோ கலைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், 1958-ல் வெளிவந்த புத்தகம். இவர் ரோஸனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பார் என்று நினைத்துதான் திறந்தேன், ஏனென்றால் பியானோ உழைப்பில் முக்கால்வாசி தொனிக்கான உழைப்பு என்று சொல்கிறவர் அவர். ஆனால் படிக்கப் படிக்க இரண்டு பேரும் வேறு வேறு வாசல் வழியாக ஒரே அறைக்குத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது. நெய்காவுஸும் இயற்பியலைப் பேசுகிறார், ஹாமரின் வேகம், கை எழும்புகிற உயரம், எடை என்று குறியீடுகளெல்லாம் வைத்துக்கொள்கிறார். ஒரே சுரத்தை இன்னும் ஒலியாகாத நிலையிலிருந்து, ஒலியென்று சொல்ல முடியாத வெறும் இடியாக மாறுகிற எல்லை வரை படிப்படியாக வாசித்துப் பார்க்கச் சொல்கிறார். அந்தப் பயிற்சியை இப்போது தினமும் செய்கிறேன். அடி எல்லை, அதாவது கட்டை கீழே போய்விட்டது ஆனால் சுரம் வரவில்லை என்ற நிலைக்கும், மிக மெல்லியதாக ஒரு சுரம் வந்துவிட்டது என்ற நிலைக்கும் நடுவில் இருக்கிற அந்த மெல்லிய கோட்டில், ஒவ்வொரு பியானோவும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, ஒரே பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒரு கச்சேரிக்கு முன்னால் புது பியானோவில் உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது இப்போது அந்தக் கோட்டைத்தான். ஸ்கேல் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டையும் படித்துக்கொண்டிருந்த நாட்களில் சிலப்பதிகாரத்தின் கானல்வரியை மறுபடி எடுத்தது தற்செயல்தான். மாதவி யாழைக் கையில் வாங்கிச் சோதித்துப் பார்க்கிற இடம். அவள் விரல்கள் 'பயிர்வண்டின் கிளைபோலப் பன்னரம்பின் மிசைப்படர' என்று வருகிறது, பிறகு வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்று எட்டு வகைக் கைத்தொழில். பொருநராற்றுப்படையிலும் இவற்றில் நான்கு வருகின்றன: 'வாரியும் வடித்தும் உந்தியும் உறழ்ந்தும்'. முன்பு படித்தபோது இதெல்லாம் அழகான அடுக்கு என்று கடந்துபோயிருக்கிறேன். இந்தத் தடவை கொஞ்சம் பொறாமையோடு படித்தேன். நரம்பை நேராக விரலால் தொடுகிறவர்களுக்கு எட்டு வகை, அதன் ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. எங்களுக்கும் நரம்புக்கும் நடுவில் ஒரு இயந்திரமே உட்கார்ந்திருக்கிறது, அது வேகம் என்ற ஒரே ஒரு சேதியை மட்டும்தான் உள்ளே கொண்டுபோகும்.

ஆனால் அந்த எட்டு வகையும் முடிந்ததும் இளங்கோ அடுத்து எழுதியதைப் பாருங்கள். அந்தக் கரணங்களில் பிறந்த ஒலியை 'தன் செவியின் ஓர்த்து' என்கிறார். விரல் எல்லாம் சரியாகச் செய்துவிட்டது, ஆனாலும் மாதவி தன் காதால் அதைத் தேர்ந்து பார்த்த பிறகுதான் யாழைக் கோவலனிடம் நீட்டுகிறாள். ரோஸனும் நெய்காவுஸும் பக்கம் பக்கமாகச் சொன்னது இந்த அரை அடிக்குள் இருக்கிறது. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பொருநராற்றுப்படையில் இன்னொன்றும் இருக்கிறது, வழிப்பறி செய்கிற கள்வர்கள்கூட அந்தப் பாலை யாழைக் கேட்டுக் கையிலிருக்கிற ஆயுதத்தை விட்டுவிடுவார்கள் என்று. இசையைப் பற்றி எழுதுகிற பலர் கேட்பவரை மறந்துவிடுகிறார்கள், முடத்தாமக்கண்ணியார் மறக்கவில்லை.

அப்புறம் நாவல்கள். தாமஸ் பெர்ன்ஹார்டின் 'தி லூஸர்' ஜெர்மனில் 1983-ல் வந்தது, பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இறந்த மறுவருஷம். நிஜமான கூல்டை எடுத்துக்கொண்டு, அவரோடு இன்னொரு பியானோ மேதை ஹோரோவிட்ஸிடம் படித்ததாக இரண்டு கற்பனைப் பியானோக்காரர்களைச் சேர்த்துவிடுகிறார். கூல்ட் ஹோரோவிட்ஸிடம் படித்ததே இல்லை, அது நாவலுக்காகச் செய்தது. அவர்களில் வெர்ட்ஹைமர் என்பவன், கூல்ட் பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸின் தொடக்க மெட்டான ஆரியாவை வாசிப்பதை ஒரு அறைக்கு வெளியே நின்று கேட்கிறான். அந்தச் சில சுரங்களோடு அவன் வாழ்க்கை முடிந்துபோகிறது, உயிரை மாய்த்துக்கொள்வதற்குப் பல வருஷங்கள் ஆனாலும். கதை சொல்கிறவனும் பியானோவை விட்டுவிடுகிறான், தன்னுடைய ஸ்டைன்வே பியானோவை ஒரு பள்ளி ஆசிரியரின் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுக்கிறான், அந்தப் பிள்ளை அதைப் பாழாக்கிவிடும் என்று நன்றாகத் தெரிந்தே. தொடக்கத்தில் சில சின்னப் பத்திகள், அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை பத்தியே பிரியாது. ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகர்ந்து வரும், படிக்கப் படிக்க மூச்சு முட்டும், ஆனால் கீழே வைக்க முடியாது.

எழுத்தாக இது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கிற எண்ணத்தோடு எனக்குக் கடுமையான சண்டை இருக்கிறது. உன்னைவிட மேலான ஒருவரைக் கேட்டுவிட்டால் நீ வாசிப்பதற்கு அர்த்தமில்லை என்பதுதான் அந்த எண்ணம். வெர்ட்ஹைமர் அந்த ஆரியாவைக் கேட்கிறானா? தன்னை விட எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டுதான் நிற்கிறான். பாஹ் அந்த அறையிலேயே இல்லை. நாவல் முழுக்க ஒலியைப் பற்றிய வர்ணனை அநேகமாகக் கிடையாது என்பதைக் கவனித்தேன், பெர்ன்ஹார்ட் அதைத் தெரிந்தே செய்திருக்க வேண்டும். கூல்டின் இரண்டு கோல்ட்பெர்க் பதிவுகளையும் அதன் பிறகு அடுத்தடுத்துக் கேட்டேன். 1955 பதிவு நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், 1981 பதிவு ஐம்பது நிமிஷத்தைத் தாண்டும். அதே மனிதர், அதே 30 வேரியேஷன்கள், கடைசிப் பதிவில் ஆரியா அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு சுரமும் தேய்கிறவரை காத்திருந்து அடுத்ததை வைக்கிறது. 26 வருஷத்துக்கு முன்னால் தான் வாசித்ததையே அவர் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டே அன்று ஆரியாவை வாசித்தேன், என் வேகத்தில்.

பெர்ன்ஹார்டுக்கு மருந்தாக 'மோகமுள்'ளில் ரங்கண்ணா வருகிற பகுதிகளை மட்டும் திரும்பப் படித்தேன். தி. ஜானகிராமனுக்கு ஒலி கேட்கிறது. சுற்றிலும் இருக்கிற எந்தச் சத்தத்திலும் சுருதியைத் தேடுகிற ஒரு கிழவரையும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொள்கிற பாபுவையும் எழுதும்போது, வாசகருடைய காதும் கூடவே கூர்மையாகிறது. பாபுவும் மேடை ஏறத் தயங்குகிறவன்தான். ஆனால் அந்தத் தயக்கம் இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது என்ற பசியிலிருந்து வருகிறது. வெர்ட்ஹைமருக்கு ரங்கண்ணா மாதிரி ஒருவர் வாய்த்திருந்தால் பிழைத்திருப்பான்.

கவிதையில் டோமஸ் டிரான்ஸ்ட்ரோமர். ஸ்வீடன்காரர், தொழிலால் உளவியலாளர், 2011-ல் நோபல் பரிசு பெற்றவர், நன்றாகப் பியானோ வாசித்தவர். 'அலெக்ரோ' என்ற கவிதையில் இருண்ட ஒரு நாளின் முடிவில் ஹேடனை வாசிக்கிறார், கைகளில் மெல்லிய சூடு ஏறுகிறது, கட்டைகள் இணங்கி வருகின்றன. இசையை ஒரு சரிவில் நிற்கிற கண்ணாடி வீடாகப் பார்க்கிறார், கற்கள் அதன் ஊடாகவே உருண்டு போகும், ஒரு கண்ணாடிகூட உடையாது. ஹேடன் வாசித்தவர்களுக்கு இது மிகைப்படுத்தல் இல்லை என்று தெரியும். நான் இதைப் படித்த இரவு சி மைனர் சொனாட்டாவை எடுத்தேன், அவ்வளவு துக்கமான ஒன்றை அவர் மனதில் வைத்திருக்க மாட்டார், ஆனாலும் அந்தச் சூடு வந்தது. 'ஷூபர்ட்டியானா' என்ற நீள் கவிதையில் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து எஃப் மைனரில் நான்கு கைகளால் வாசிக்கிற இடம் ஒன்று வருகிறது, ஒரே வண்டிக்கு இரண்டு வண்டியோட்டிகள் மாதிரி, பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும் என்கிறார். ஷூபர்ட் 1828-ல், தன் கடைசி வருஷத்தில், எழுதிய ஃபேன்டஸியா அது. டூயட் வாசித்தவர்களுக்கு மட்டுமே தெரிகிற அந்த முழங்கை இடிபடுதலும், பெடல் யாருடைய காலில் என்ற குழப்பமும், அதற்கு நடுவில் அந்த மெட்டு திரும்பி வருகிறபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுப்பதும் அந்த வரிகளில் அப்படியே இருக்கின்றன.

1990-ல் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை போய்விட்டது, பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. அதன் பிறகு இடது கையால் மட்டும் பியானோ வாசித்தார், ஸ்வீடன் இசையமைப்பாளர்கள் அவருக்காகவே இடது கைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இது தெரிந்த பிறகு 'அலெக்ரோ'வை மறுபடி படித்தால் அந்தக் கைகளின் சூடு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அதனாலேயே இடது கைக்கான இசையைத் தேடிப் போனேன். வயலினுக்கு எழுதப்பட்ட பாஹின் சகோனை பிராம்ஸ் 1877-ல் இடது கைக்கு மட்டும் மாற்றி கிளாரா ஷூமனுக்கு அனுப்பியது, வலது கை கெட்டுப்போன நாட்களுக்குப் பிறகு ஸ்க்ரியாபின் எழுதிய ஓபஸ் 9, முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் எழுதிய கான்செர்ட்டோ. இவற்றில் ஸ்க்ரியாபினின் நாக்டர்னை மட்டும் கொஞ்சம் கைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கட்டைவிரல் மெட்டைப் பாட வேண்டும், அதே கை பேஸுக்குத் தாவ வேண்டும், கை விட்டுவிட்டுப் போன சுரத்தைப் பெடல் பிடித்துக்கொள்ளும். கை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது, கேட்பவரின் காதுதான் இரண்டையும் சேர்த்து வைக்கிறது. ரோஸனின் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பியானோ கலைஞர் ஆல்ஃப்ரெட் பிரெண்டலின் கவிதைகளையும் சொல்லிவிடுகிறேன், அவர் 2025-ல் காலமான பிறகுதான் 'ஒன் ஃபிங்கர் டூ மெனி' என்னிடம் வந்தது. ஒரு பியானோக்காரருக்கு மூன்றாவதாக ஒரு ஆள்காட்டி விரல் முளைக்கிறது, அது வாசிப்பதற்காக முளைத்ததல்ல, சுட்டிக்காட்டுவதற்காக. சிரிக்க வைக்கும், அந்தச் சிரிப்பு பிடித்தும் இருந்தது. ஆனால் ஷூபர்ட் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை நான் இன்னும் அதிகமாக நேசிக்கிறேன்.

கடைசியாக விக்ரம் சேத்தின் 'ஆன் ஈக்வல் மியூசிக்' (1999). கதையைச் சொல்வது மைக்கேல், ஒரு குவார்டெட்டில், அதாவது நால்வர் குழுவில், இரண்டாம் வயலின். பல வருஷத்துக்கு முன்னால் வியன்னாவில் பிரிந்த ஜூலியாவை மறுபடி சந்திக்கிறான், அவள் பியானோ வாசிப்பவள், அவளுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. ஷூபர்ட்டின் ட்ரௌட் குவின்டெட்டை அவள் இவர்களோடு வாசிக்க வேண்டும். அந்த ஒத்திகைப் பக்கங்கள் எனக்கு மிகவும் முக்கியமானவை. சேர்ந்து வாசிக்கும்போது நாம் எவ்வளவு கண்ணால் வாசிக்கிறோம், எதிரில் இருப்பவரின் வில் எழும்புவதையும் தோள் அசைவதையும் பார்த்தே எப்போது அழுத்த வேண்டும் என்று எவ்வளவு தெரிந்துகொள்கிறோம் என்பதை அவள் வழியாகத்தான் உணர்ந்தேன். மைக்கேலின் காதல் புலம்பல் சில இடங்களில் எனக்கு நீளமாகப் பட்டது, ஜூலியா சொல்ல வேண்டிய கதை இது என்று பல தடவை தோன்றியது. வயலின்காரர் கண்ணில் அவள் ஒரு இழப்பு. அவளுக்குள் அந்த நேரத்தில் என்ன ஒலித்துக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு வேண்டும், அது நமக்குக் கிடைப்பதே இல்லை.

ஆனால் முடிவில் அவள் தனியாக மேடையில் உட்கார்ந்து பாஹின் 'தி ஆர்ட் ஆஃப் ஃபியூக்' வாசிக்கிறாள். சேத் இந்த இசையைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு சரி என்பது ரோஸனைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. பாஹின் ஃபியூக்குகளில் (பல குரல்கள் ஒரே மெட்டோடு ஒன்றன்பின் ஒன்றாக நுழைகிற இசை) நடுக் குரல்கள் நுழைவது கேட்பவருக்குப் பல சமயம் தனியாகக் கேட்காது, வாசிக்கிறவர்தான் அந்தக் குரலைத் தன் விரலில் உணர்கிறார், அந்த இசை முதலில் வாசிக்கிறவருக்காகவே எழுதப்பட்டது என்று ரோஸன் சொல்கிறார். அப்படியானால் வெளிக்காது இல்லாத ஒருத்திக்கு மிக முழுமையாகக் கிடைக்கக்கூடிய இசை அதுவாகத்தான் இருக்க முடியும். நான்கு வரிசைகளில் தனித்தனிக் குரலாக எழுதி, எந்த வாத்தியத்துக்கு என்றுகூடக் குறிப்பிடாமல், கடைசி ஃபியூக்கை 239-ஆம் பாரில் (தாளக் கட்டம்) அப்படியே விட்டுவிட்டுப் போனார் பாஹ். அதை ஒரு காகிதத்தில் பார்த்தாலே தலைக்குள் ஒலிக்கும்படி பழகியவள் ஜூலியா.

நாவலை மூடிய பிறகு அந்த 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்'கின் முதல் பகுதியான கான்ட்ராபங்க்டஸை எடுத்தேன். ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டு மற்ற மூன்றையும் கையால் வாசிப்பது, பிறகு குரலை மாற்றிக்கொள்வது, இதுதான் இப்போது காலைப் பயிற்சி. மேலிருந்து இரண்டாவது குரலான ஆல்ட்டோவைப் பாடும்போது இன்னும் அதற்குக் கீழே இருக்கிற டெனரிடம் சறுக்கிப் போய்விடுகிறது. டிஜிட்டல் பியானோவில் சத்தத்தை அணைத்துவிட்டும் வாசித்துப் பார்த்தேன். மேல் குரலும் பேஸும் தலைக்குள் தெளிவாக ஒலிக்கின்றன, நடுவில் இருக்கிற இரண்டும் சில இடங்களில் காணாமல் போகின்றன. எங்கே காணாமல் போகின்றனவோ அந்தப் பார்களைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன், அவற்றைத்தான் இந்த வாரம் முழுக்க மெதுவாக வாசிக்கப்போகிறேன். அடுத்ததாக மேஜையில் கஸுவோ இஷிகுரோவின் 'தி அன்கன்சோல்ட்' இருக்கிறது, கச்சேரிக்காக ஓர் ஊருக்கு வந்து சேர்கிற பியானோக்காரர் ஒருவரின் கதை, தடிமனான புத்தகம். படித்து முடித்ததும் எழுதுகிறேன்.